தூக்கத்துக்குச் சாட்சி

திலகாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னவள் அவளைப் பெற்ற மார்த்தாள்தான். தாயே சொன்ன பிறகு தெருவில் மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டா இருப்பார்கள்? திருப்புலிவனத்துக் காலனி முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது.

நடந்தது இதுதான். காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கிற திலகா, ஆய்வகத்தில் கையில் பிப்பெட்டோடு நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கண்ணாடி உடைந்து உள்ளங்கை கிழிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டே, "ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கற?" என்று கேட்டாள்.

"மூணு மணி நேரம். சில நாள் நாலு."

"இப்படியே போனா உடம்பு தாங்காதும்மா. மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம். தூங்கு."

தூங்கு! சொல்வதற்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். தெருக்குழாயில் தண்ணீர் விடிவதற்கு முன்னால்தான் வரும். மார்த்தாள் களையெடுக்கும் கூட்டத்தோடு கிளம்புவதற்குள் திலகா தண்ணீர் பிடித்துச் சோறும் வடித்துவிட வேண்டும். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போய் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குகிற வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. சாயங்காலம் வீடு வந்தால் பாத்திரம், துணி. எல்லோரும் படுத்த பிறகுதான் புத்தகம்.

கல்லூரியில் மதியம் மற்ற பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து அரட்டையடிக்கும்போது இவள் மேசையில் தலையைக் கவிழ்த்துவிடுவாள். முதலில் எழுப்பிப் பார்த்தார்கள். அப்புறம் 'தூங்குமூஞ்சி' என்று கூப்பிட்டார்கள். போகப்போக அப்படிக் கூப்பிடுவதும் நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அவளுக்கென்று ஒரு சிநேகிதி கிடையாது. சிநேகிதம் பிடிக்கவும் ஆள் விழித்திருக்க வேண்டுமே!

வீட்டிலாவது சொல்லி அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 'களைப்பா கீது' என்று வாயைத் திறந்தால், 'அப்போ காலேஜை நிறுத்திடு' என்பார்கள். நிறுத்துவதென்றால் அவர்களுக்குக் கல்லூரிதான் கண்ணில் படும். குழாயும் அடுப்பும் படாது. அதனால் பரீட்சை எப்போது, மார்க் எவ்வளவு என்று எதையுமே அவள் வீட்டில் சொல்வதில்லை.

கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் மார்த்தாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"தூக்கம் பத்தலன்னு டாக்டரு சொன்னாங்கம்மா."

"தூக்கம் பத்தலன்னா கொட்டாவி வரும். நின்னுக்கினு கீறவ எப்பிடிடி வியுவா? பஸ்ஸுக்கு அந்தப் புளியாமரத்தாண்ட நிக்கிறியே, அங்கதான் இன்னாவோ உன்னப் புடிச்சிக்கினு கீது."

"நைனா, நீயாச்சும் சொல்லேன்!"

ஞானதாஸ் மகளின் கையைத் தடவிப் பார்த்தார். "ஜெபம் பண்ணலாம் கண்ணு. இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சின்னா காலேஜ் வாணாம். உசுருதான் முக்கியம்."

வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் என்று சபையின் பெஞ்சமின் பாஸ்டர் அறிவித்தார். தூக்கமில்லாமல் விழுந்த பெண்ணுக்கு விடிய விடியக் கண்விழித்து ஜெபம்! ஆனால் யாரைக் குறை சொல்வது? பகலெல்லாம் வெயிலில் வேலை செய்த உடம்போடு அத்தனை பேரும் அவளுக்காகத்தான் வந்து உட்கார்ந்தார்கள். மார்த்தாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உபவாசம் இருந்தாள். பாஸ்டர் தலையில் கைவைத்து உரக்க ஜெபிக்க, முழங்காலில் நின்ற திலகாவுக்குக் கண் சொருகியது. அப்படியே பாயில் சாய்ந்தாள். "வுட்டுப் போய்டுச்சி!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு அவளைத் தட்டி எழுப்பி, நன்றி சொல்லிப் பாடவைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பேய் விட்டுப்போனதற்குச் சாட்சி சொல்லும்படி மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். மறுநாள் அவளுக்குப் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை வீட்டில் விட்டுவைக்கமாட்டார்கள், மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். 'சுகமாயிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைத்தான் சொல்ல நினைத்திருந்தாள். ஆனால் வாய் வேறு எதையோ சொன்னது.

"எனுக்குப் பேய் ஒண்ணும் இல்ல."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"தூக்கம்தான் இல்ல. நாலு மணிக்கெல்லாம் எயுப்பிடறாங்க."

"அல்லேலூயா!"

"ஒரே ஒரு நாளு யாரும் எயுப்பாம தூங்கணும். எனுக்கு அது போதும்."

"ஆமென்! ஆமென்!" கைதட்டல் கூரையைத் தொட்டது. பாஸ்டர் கண்களை மூடிக்கொண்டு தலையாட்டினார். இத்தனை பேருக்கு நடுவில், அதுவும் மைக்கில், உண்மையைச் சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. திலகாவுக்கு அழுகை வந்தது. அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பெண்கள் பக்கத்தில் மார்த்தாள் மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கோபம்போல என்று திலகா நினைத்துக்கொண்டாள்.

அன்றிரவு உப்புகளின் சோதனைகளை ஒருமுறை புரட்டிவிட்டுப் படுத்தாள். அலாரமெல்லாம் அந்த வீட்டில் ஏது? அம்மாதான் அலாரம். ஒருநாளும் அது தவறியதில்லை.

கண் விழித்தபோது உடம்பு அவளுடையதாகவே இல்லை. தலை பாரம் இல்லை, கண் எரிச்சல் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது இப்படி எழுந்ததுதான். படுத்தபடியே கையையும் காலையும் நீட்டிச் சோம்பல் முறித்தாள். அப்புறம்தான் கூரை இடுக்கில் இறங்கிய வெயிலைப் பார்த்தாள். வெளியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதியச் சோற்றுக்குத் தட்டைத் தட்டிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

சாத்தியிருந்த கதவைத் திறந்தாள். வாசற்படியில் மார்த்தாள் குச்சியோடு உட்கார்ந்து கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"வேலைக்குப் போலியாம்மா?" என்று கேட்டாள்.

"போல. தண்ணி நானே புடிச்சேன், சோறும் ஆக்கிட்டேன். எதிர் வூட்டுல ரேடியோ வெச்சாங்க, அணைக்கச் சொன்னேன். உன்னைக் காணோம்னு பஸ்காரன் ஆரன் அடிப்பான்னு நானே ரோட்டாண்ட போயி நின்னுக்கினேன். அவ தூங்கறா, சத்தம் போடாத போப்பான்னு கையக் காட்டி அனுப்பிட்டேன்."

திலகா ரோட்டுப் பக்கம் பார்த்தாள்.

"நேத்து எல்லாம் சத்தம் போட்டுக்கினு இருந்தாங்க. நீ சொன்னது எனுக்குக் கேட்டுச்சிடி" என்றாள் மார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் இப்படியொரு நிறைவைத் திலகா பார்த்ததில்லை. "நல்லாத் தூங்கனியா?"

அந்த முகத்திடம் எதைச் சொல்வது?

"தூங்கனேம்மா."

"நாளிக்கும் தூங்கு கண்ணு. எவன் எயுப்பறான்னு நான் பாக்கறேன்" என்றாள் மார்த்தாள்.