பத்து எட்டு தெற்கே

ரஷ்யாவின் வடகோடியில், மரமில்லாத யமால் துந்திராவில் காட்டுவாத்துக் கூடு எண்ணுகிறவர்களுக்கு நகரத்து அலுவலகம் ஒரு விதி வைத்திருந்தது. கூட்டிலிருந்து வடக்கே பத்து எட்டு வைத்து, அங்கே சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட வேண்டும். கூடு எங்கே என்று எண்ணுகிறவருக்குத் தெரிய வேண்டுமாம், நரிக்குத் தெரியக்கூடாதாம். விதி எழுதின புண்ணியவான் நரியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்.

ஹாத்னே நான்காவது வருஷமாக அங்கே கூடு எண்ணுகிறாள். ஐம்பது வயது, அந்த மண்ணின் நேனெட்ஸ் இனத்துக்காரி, வாய் சற்று நீளம். இந்த வருஷம் லெம்மிங் எலிகள் அடியோடு குறைந்துபோயின. கணக்குப் பார்க்க ஐம்பது பொறி வைத்தும் வாரத்துக்கு மூன்றுதான் சிக்கின. எலி கிடைக்காத நரி சும்மா இருக்குமா? காது கிழிந்த ஒரு நரி, குச்சியைக் கண்டால் நேரே தெற்கே பத்து எட்டு நடக்கக் கற்றுக்கொண்டது. ஐந்தே நாளில் ஆறு கூடு காலி. அதற்கு அவள் இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்தாள்.

ஆறாம் நாள் குச்சிகளையெல்லாம் பிடுங்கி, கூடே இல்லாத இடங்களில் நட்டாள். நிஜக் கூடுகளை மனசில் குறித்துக்கொண்டாள். அலுவலகத்திடம் மூச்சு விடவில்லை. அவர்கள் கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்குள் முட்டையெல்லாம் நரி வயிற்றில் இருக்கும்.

"நரிக்கே அல்வா குடுத்துட்டீங்களே அண்ணி" என்றான் படகோட்டும் கொழுந்தன் யெய்கோ.

"வாய மூடிட்டு மீனைக் கழுவு."

குச்சி மாற்றிய மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. அலுவலகத்து ஆர்செனி, சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்திருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் மனுஷர் குச்சிகளைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு குச்சியிலிருந்தும் பத்து எட்டு தெற்கே போய்க் குனிந்து பார்த்தார். பதினோரு குச்சி பார்த்தபின் முகம் சிவந்து திரும்பினார்.

"பேப்பர்ல முப்பத்தொம்பது கூடு. தரையில ஒரு முட்டை ஓடுகூட இல்ல. நாலு வருஷமா கூடாரத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே எழுதினீங்களா ஹாத்னே?"

இந்த ஆள் ஒரு வரி எழுதினால் போதும், முகாமை மூடிவிடுவார்கள். முட்டி தேய நடந்து எழுதிய நாலு வருஷ நோட்டும் குப்பைக்குப் போகும். பொய்க்காரி என்ற பேர் மட்டும் மிஞ்சும். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வாங்க சார், சொல்றேன். இங்க உக்காருங்க. சத்தம் போடாதீங்க, கால ஆட்டாதீங்க" என்று ஒரு புல்மேட்டைக் காட்டினாள். அவர் உர்ரென்று உட்கார்ந்தார். அவள் குச்சி மாற்றிய கதையைச் சொன்னாள். அவர் நம்பவில்லை.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தது. முதல் குச்சி, தெற்கே பத்து எட்டு, குனிந்து மோப்பம், ஒன்றுமில்லை. அடுத்த குச்சி. ஆர்செனி நடந்த அதே வழியில், அதே வரிசையில், அதே கடுகடுப்போடு போயிற்று. பதினோராவது குச்சியில் காலைத் தூக்கி நனைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

யெய்கோ தொப்பியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான்.

"சரி, நரி விஷயம் நெஜம்தான்" என்றார் ஆர்செனி. "கூடு இருக்குன்னு அதுல எங்க தெரியுது? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க."

"இப்பக் காட்டினா பறவை எந்திரிக்கும். இன்ஸ்பெக்டர் பாத்துக்கிட்டே இருக்கு. முட்டையில குஞ்சு சத்தம் போடற நேரம் சார், பாவம்."

"அப்ப முகாமை மூடணும்னு எழுதிடுவேன்."

ஹாத்னே பெருமூச்சு விட்டாள். "தலைய மட்டும் மெதுவா இடது பக்கம் திருப்புங்க. மூணே அடி."

திருப்பினார். காய்ந்த புல்லோடு புல்லாகக் கழுத்தைத் தரையில் நீட்டிப் படுத்திருந்தது ஒரு வாத்து. அதன் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஹாத்னே தினமும் அந்த மேட்டில் உட்கார்ந்து பழக்கிய பறவை.

"முப்பத்தொம்பதாவது" என்றாள்.

நரி நகரும்வரை ஆர்செனியும் நகரவில்லை. கால் மரத்தது, மூக்கில் கொசு உட்கார்ந்து சாவகாசமாகக் குடித்தது, உதட்டைக்கூட அசைக்கவில்லை அவர். ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள்.

சாயங்காலம் அறிக்கையை அவரே எழுதினார். கூடுகளின் எண்ணிக்கை: முப்பத்தொன்பது. கூடுகள் இருக்கும் இடம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹாத்னேயைக் கேட்கவும். சொல்ல மாட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.