முஆத்தின் படத்துக்கு மாலை

சொன்ன வேலையை மட்டும் செய்துவிட்டுப் போகிற ஆளாக நான் இருந்திருந்தால் அன்றைக்கு எந்த வம்பும் வந்திருக்காது. எனக்கு எதிலும் ஒரு படி மேலே போக வேண்டும். என் மனைவி இதை முந்திரிக்கொட்டைத்தனம் என்பாள்.

பெயர் சேதுபதி, ஊர் முதுகுளத்தூர் பக்கம். குவைத்தில் ஒரு மியூசியத்தில் கிளீனிங் சூப்பர்வைசர். தொண்ணூறில் நாட்டுக்குள் புகுந்த படை, எதிர்த்து நின்றவர்களை ஏழு மாதம் அடைத்து வைத்த கட்டிடம் அது. கீழே இருக்கும் அறைகளின் இரும்புக் கதவுகளைக்கூட மாற்றவில்லை. மேலே தாழ்வாரத்தில், அங்கே அடைபட்டுத் திரும்பி வராத முப்பத்தொரு பேரின் படங்கள். பிப்ரவரி கடைசியில், விடுதலை நாளன்று, குடும்பத்தார் வருவார்கள். அன்று எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். அவ்வளவுதான் சொன்னார்.

நான் நம்மாட்கள் அதிகம் இருக்கும் ஜிலீப் பகுதியில் ஒரு மலையாளி கடையில் முப்பத்தொரு சந்தன மாலை வாங்கி, அன்று காலையில் முதல் ஆளாக வந்து எல்லாப் படத்துக்கும் போட்டுவிட்டேன். நாட்டுக்காக உயிரை விட்டவனுக்கு ஒரு மாலைகூட இல்லாமல் என்ன மரியாதை? தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், வதனா ஸ்டூலில் ஏறி ஒரு மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வதனா கிளிநொச்சிக்காரி, மூன்று வருடமாக எங்கள் டீமில் இருக்கிறாள். அடுத்த மாதம் ஊரில் அவள் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடச் சொல்கிறார்கள் பெண் வீட்டார். அவள் புருஷன் கிருபன் போரின் கடைசி நாளில் ராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அமரர் என்று அச்சாகிவிட்டால் இவள் பொட்டை அழித்துவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். மணவறையில் பெற்றவர்கள் இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் நிற்பார்கள். அச்சகத்துக்கு அன்று மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். முந்தின நாள்தான் நானும் என் பங்குக்கு, “போட்டுரச் சொல்லும்மா. பதினாறு வருஷம் ஆச்சு, இனி எங்கருந்து வரப்போறாரு?” என்று சொல்லியிருந்தேன்.

“ஏ வதனா, என்ன பண்ற?”

“இந்தப் பொடியனுக்கு மாலை போடேலாது அண்ணை.”

“ஏன், இவன் மட்டும் என்ன பாவம் பண்ணான்?”

“மற்றப் படங்களுக்குக் கீழ ரெண்டு திகதி கிடக்கு. இவருக்கு ஒண்டுதான். நான் நெடுகத் துடைக்கிறனான், எனக்குத் தெரியாதே?”

பார்த்தேன். உண்மைதான். முஆத் என்ற பெயருக்குக் கீழே பிறந்த தேதி மட்டும் இருந்தது. அடுத்த தேதிக்கான இடம் வெறுமையாக இருந்தது. பதினாலு வருடம் குவைத்தில் குப்பை கொட்டியும் அது என் கண்ணில் படவில்லை. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“முப்பத்தஞ்சு வருஷமா வராதவன் இனிமேலா வந்து நிக்கப்போறான்?”

சொன்ன பிறகுதான் அது யார் மேல் போய் விழுந்தது என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வதனா மாலையோடு இறங்கினாள்.

அந்த நேரம் பார்த்து முஆத்தின் அக்கா ஜொஹரா வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர், வருடம் தவறாமல் வருகிறவர். மாலைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, தம்பி படத்தின் முன்னால் நின்றார். இவனுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே, எனக்குத் தெரிந்த அரபியில் விளக்கினேன். எங்கள் ஊரில் இறந்தவர் படத்துக்குத்தான் மாலை. உங்கள் தம்பி இறந்ததாக எழுதவில்லை என்று இந்தப் பெண் கழற்றிவிட்டாள் என்றேன்.

ஜொஹரா வதனாவையே பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். எல்லைக்கு அப்பால் பாலைவனத்தில் தோண்டியெடுத்த எலும்புகளில் ஒன்று அவருடைய ரத்தத்தோடு பொருந்திவிட்டதாம். போன வாரம்தான் அடக்கம் செய்தார்களாம். இனிமேல்தான் தேதி எழுதுவார்கள். கையை நீட்டி மாலையை வாங்கி, அவரே படத்துக்குப் போட்டார். “தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்” என்று சொல்லி அழுதார்.

அதை நான் தமிழில் சொன்னதும் வதனாவின் முகம் வெளுத்துவிட்டது.

“எலும்பைக் கையில குடுத்தவையோ எண்டு கேளுங்கோ அண்ணை.”

கேட்டேன். ஜொஹரா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். தொட்டேன், முத்தமிட்டேன் என்றார்.

வதனா படிக்கட்டுப் பக்கம் போய் மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். முஆத் விஷயமே முடிந்துவிட்டது, இவளும் மனதைத் தேற்றிக்கொண்டு சரி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“மகன், கலியாணக் கார்டில அமரர் எண்டு போடாத.”

“அம்மா, பொம்பிளை வீட்டுக்காரர்...”

“அவையட்ட நான் கதைக்கிறன். இஞ்ச ஒரு அக்காவுக்குத் தம்பியின்ர எலும்பைக் குடுத்திருக்கினம். மனிசி தொட்டுப் பாத்திட்டு மாலை போட்டவ. எனக்கு ஆர் என்னத்தைத் தந்தவை? தரட்டும், நானே என்ர கையால பொட்டை அழிக்கிறன்.”

மறுமுனையில் பையன் தயங்கிக் கேட்டான்.

“அப்ப மணவறையில ஆரம்மா நிக்கிறது?”

“நான் நிப்பன். பக்கத்தில அப்பா நிக்கிற இடத்தில ஒருத்தரையும் விடாத.”