இந்த மாரிக்கு நீலம்

அலவாங்கின் இரும்பு முனை பூந்தொட்டியின் விளிம்பில் விழுந்த சத்தம் கேட்டபோது ஸைனம்புக்கு வெள்ளைச் சேலை சுற்றிக்கொண்டிருந்தார்கள். முந்தானை தங்கை சுஹறாவின் கையில் இருந்தது. இரண்டாவது குத்தில் செங்கல் பெயர்ந்தது. அந்தச் சத்தம் எதுவென்று ஸைனம்பு யாரிடமும் கேட்கவில்லை. முந்தானையைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சுஹறா வாசலை மறித்து நின்றாள். புருஷன் மௌத்தானதோடு விதவையின் இத்தா தொடங்கிவிட்டது, இனி நாலு மாதத்துக்கு மேல் அறைக்குள்தான் இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது, முற்றத்தில் ஊரே நிற்கிறது என்று காதுக்குள் சொன்னாள். அது ஸைனம்புக்குத் தெரியாததல்ல. அவளுக்கு வந்த கோபத்துக்குத்தான் அது தெரியவில்லை. தங்கையைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

காலையிலிருந்தே அவள் அழவில்லை. பார்க்க வந்த பெண்கள் அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அதிர்ச்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆத்திரம். கொல்லையில் திரை கட்டிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்களே, அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடியும் படுக்கவைக்கும் அளவுக்கு ஆத்திரம்.

அவள் புருஷன் அப்துல் ஸமட் கல்முனையிலிருந்து பதுளை வழியாகப் பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். பண்டாரவளையில் பஸ் தேநீருக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பங்களா. அதன் வாசலில் நீளமான சீமெந்துத் தொட்டி, தொட்டி நிறைய நீலப்பூ. பூ என்றால் ஒன்றிரண்டு அல்ல, ஒவ்வொரு தண்டின் நுனியிலும் முட்டைக்கோவா அளவில் ஒரு கொத்து. அதைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சூறாவளியில் மதில் விழுந்தபோது ஊரெல்லாம் கூரைத் தகரம் தேடி ஓடியது. இவர் மட்டும் விழுந்த மதிலின் கற்களைப் பொறுக்கி, தெருவுக்கு இறங்கும் கடப்புக்கு நேரே, மாமர நிழலில் ஒரு தொட்டி கட்டினார். கூரையை ஸைனம்புவின் தம்பிமார்தான் வந்து போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தத் தொட்டியில் நீலத்தைத் தவிர வேறு நிறத்துக்கு இடமில்லை. கோடைக்குக் காக்கணங்கொடியைக் கம்பு நட்டு ஏற்றுவார். கச்சான் காற்று அதைக் கருக்கிவிட்டால், நற்பிட்டிமுனை வயல் வரம்பில் படர்ந்து கிடக்கும் சின்ன நீலப்பூவை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்து வைப்பார். ஸைனம்பு ஒருமுறை ஆசையாக நித்தியகல்யாணி நட்டாள். மொட்டு விரிந்த அன்றே பிடுங்கிப் போட்டுவிட்டார்.

"இது நீலமில்ல. ஊதா" என்றார், ஏதோ ஹறாமான சாமானைக் கண்டவர் மாதிரி.

பூ பூத்தால் போதாதா, அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு இருப்பதா என்று அவள் கேட்டாள். அவர் நித்தியகல்யாணி இருந்த இடத்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பதில் சொல்லியிருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம்.

கோடைக்கும் கச்சானுக்கும் பூ கிடைத்துவிட்டது. மாரிக்குத்தான் கிடைக்கவில்லை. மாரிக்கு அவருக்கு அந்த மலைநாட்டுச் செடியே வேண்டும். முதலில் கொண்டுவந்தது ஒரு கிழமையில் அழுகிப் போனது. இரண்டாவது பிழைத்து, மொட்டுவிட்டு, பூத்தும் விட்டது. றோஸ் நிறத்தில். செடி விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். விற்றவன் என்ன செய்வான்? கடற்கரை மண்ணில் சிப்பித்தூள் கலந்திருப்பதால் நிறம் மாறிவிடுகிறது, கறுப்பு மண்ணில் வைத்தால் நீலமாக வரும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னார். அந்தப் புண்ணியவான் யாரென்று தெரிந்தால் ஸைனம்பு அவரையும் இன்று சும்மா விட்டிருக்கமாட்டாள்.

அதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வந்து வேலையும் விடவேண்டியதாகிவிட்டது. பாரம் தூக்கக்கூடாது, மலைநாட்டுக் குளிருக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனிதர் வரிப்பத்தான்சேனைக்குப் போய், வயல் மண்ணைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு தடவையல்ல, தொட்டி நிறையும் வரைக்கும். ஸைனம்பு அந்த நாட்களில் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

நேற்றுக் காலையில், அக்கரைப்பற்றில் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். அப்பாடா, புத்தி வந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். மீன் வாங்கி, ஆணம் காய்ச்சி வைத்தாள். பொழுதுபட்டுத் திரும்பி வந்தவரின் கையில் ஈரச்சாக்கில் சுற்றிய செடி இருந்தது. பண்டாரவளைக்குப் போய் வந்திருக்கிறார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சிரித்துக்கொண்டு வந்தார்.

"நீங்க மௌத்தானாலும் இதுக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தமாட்டன்" என்றாள்.

"ஊத்துவாய்" என்றார் அவர்.

இவ்வளவுதான் கடைசிப் பேச்சு. சுபஹ் தொழுதுவிட்டுத் தொட்டியடிக்குப் போனவர் குழி தோண்டி முடித்திருந்தார். செடியை எடுக்கக் குனிந்த இடத்திலேயே விழுந்து கிடந்தார். மகள் றாஹிலாதான் முதலில் கண்டாள்.

முற்றத்தில் ஸைனம்புவைக் கண்டதும் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அலவாங்கோடு நின்றது சாலிஹ், அப்துல் ஸமட்டின் தம்பி. அண்ணன் அவனுக்குக் காக்கா, ஸைனம்பு மச்சி. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. கடப்பு ஒடுக்கம், தொட்டி குறுக்கே நிற்கிறது, உடலைக் கொண்டுபோகும் சந்தூக்கைத் திருப்ப இடமில்லை என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னான்.

"இந்தத் தொட்டிதான் மச்சி காக்காவத் திண்ட. இது இனி இஞ்ச இரிக்கப்படா."

"சந்தூக்க மேலால தூக்குங்க" என்றாள் ஸைனம்பு. "அவரு ஒரு நாளும் என்னக் கேட்டு ஒண்டும் செய்யல்ல. நீங்களும் கேக்காம உடைக்கிறீங்க. அலவாங்கக் கீழ போடுங்க சாலிஹ்."

சாலிஹ் அலவாங்கை மாமரத்தில் சாத்தினான். பெயர்ந்த கல்லைக் காலால் தள்ளி, இருந்த இடத்திலேயே வைத்தான். செடி இன்னும் சாக்கோடு தொட்டியின் அடியில் கிடந்தது. யாரோ மிதித்ததில் ஒரு கிளை முறிந்திருந்தது. அதை அவன் குனிந்து எடுத்தான். அடக்கம் செய்த கபுறின் தலைமாட்டில் ஒரு பச்சைச் செடி நடுவது ஊர் வழக்கம். காக்கா ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது, அங்கேயே நட்டுவிடுகிறோம் என்றான். கதவுக்குப் பின்னால் நின்ற பெண்களும் அதுதான் சரி, நன்மையான காரியம் என்றார்கள். சுஹறா அழத் தொடங்கிவிட்டாள்.

ஸைனம்புக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மையவாடிக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. அங்கே அது பூத்தாலும் கருகினாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. மண் சுமந்ததும் பொய் சொன்னதும் அவர், கடைசியில் பூவும் அவருக்கா?

"குடுக்கமாட்டன்" என்றாள். "டாக்டருக்கிட்டப் போறனெண்டு என்னப் பேக்காட்டிப்போட்டுக் கொண்டந்த செடி இது. என்ன நிறத்துல பூக்குதெண்டு நான் பாக்கணும். அவருக்கு வேற செடி வைங்க."

சாலிஹின் கையிலிருந்து செடியை வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சேலை மண்ணில் புரள, அவள் தொட்டியடியில் குந்தினாள். முற்றத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் தோண்டிய குழி அளவாக இருந்தது. செடியை இறக்கி, கறுப்பு மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் அழுத்தினாள். மெதுவாக அல்ல, யாரையோ பிடித்து உட்காரவைப்பதுபோல. பிறகு எழுந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். தண்ணீர் ஊற்றவில்லை.

லுஹருக்குப் பிறகு சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமா சத்தம் கடப்படியில் ஒருகணம் தடைப்பட்டது. தோளில் இருந்ததைத் தலைக்கு மேலாக உயர்த்தித் தொட்டியைக் கடக்கிறார்கள் என்று அவளுக்கு அறைக்குள் இருந்தே விளங்கியது. பிறகு சத்தம் தெருவோடு போய்த் தேய்ந்தது.

ஆட்கள் கலைந்தபின் றாஹிலாவைக் கூப்பிட்டு, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரச் சொன்னாள். நேற்று நடந்த பேச்செல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை தாயின் முகத்தையே பார்த்தது. பார்க்காமல் போய் ஊற்றச் சொல்லி ஸைனம்பு எரிந்து விழுந்தாள்.

மாரி பிடித்துக் கொட்டியது. அவள் இருந்த அறையின் ஜன்னல் கிணற்றடிப் பக்கம் பார்த்தது, தொட்டி தெரியாது. தளிர் விட்டிருக்கிறது, மொட்டு வைத்திருக்கிறது என்று றாஹிலா வந்து வந்து சொன்னாள். ஒருநாள் காலையில் ஈரத் தாவணியோடு வந்து வாசலில் நின்றாள்.

"உம்மா, பூத்திட்டு."

"என்ன நிறம்?"

றாஹிலா தாயைப் பார்க்காமல் தாவணி நுனியைப் பிழிந்தாள். "நீலம்."

"நீயும் பொய் சொல்லப் பழகிட்டியா? ஒரு பூவ ஆஞ்சிட்டு வா."

கொத்திலிருந்து ஒரு சின்னப் பூவைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். ஸைனம்பு அதை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஓரத்தில் நீலம் பிடித்திருந்தது, நடுவில் இன்னும் றோஸ் போகவில்லை. வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இது நீலமில்ல. ஊதா" என்றாள். "கறுப்பு மண் காணாது. சாலிஹ் சாச்சாக்கிட்டச் சொல்லு, வரிப்பத்தான்சேனையில இருந்து இன்னம் ரெண்டு சாக்குக் கொண்டரச் சொல்லி."