உருகாத மாலிப்டினம்

வைர வியாபாரம் செய்யும் எங்கள் குடும்பத்தில் வைரத்தைப் பார்த்து யாராவது "அபாரம்" என்று சொன்னால், அவரை வாங்க வந்தவர் என்று நம்பமாட்டார்கள். குறை சொல்பவர்தான் வாங்குவார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் அக்கா, முதல் தரக் கல்லின் கூர்முனையைச் சீவித் தட்டையாக்கி, அப்படி இரண்டை எதிரெதிரே வைத்து, நடுவில் ஓர் உலோகத் துணுக்கை நசுக்குவதைத் தொழிலாக எடுத்துக்கொண்டாள். கல்லைத் தொலைத்திருந்தால்கூட அப்பா மன்னித்திருப்பார்.

பெரிய ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எக்ஸ்ரே கற்றை கிடைத்தது மூன்றே நாள். அதற்குக் காத்திருந்தது ஒன்றரை வருடம். முதல் நாளே கல் ஜோடி தூளாகிவிட்டது என்று போன் வந்தது. உட்கார்ந்து புதிய ஜோடியைத் தேய்த்தேன். மூன்றாம் நாள் காலை போய் நின்றேன்.

"சட்டைப்பையிலயாடா கொண்டு வந்தே?"

"பெட்டியில வச்சா எல்லார் கண்ணும் பெட்டி மேல. என் சட்டையை என் பொண்டாட்டியே பார்க்கமாட்டா."

அக்கா சிரிக்கவில்லை. உருப்பெருக்கியில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய ஒரு துணுக்கை ஊசிமுனையால் எடுத்து, சூடு கல்லைத் தொடாமலிருக்க உப்புத் தூள் மெத்தை போட்டு, கல்முனைமேல் இறக்கினாள். பார்த்தால் பொடுகு. ஆனால் அது மாலிப்டினம், உருகுவதற்கு லேசில் சம்மதிக்காத உலோகம். சும்மா விட்டாலே இரண்டாயிரத்து அறுநூறு டிகிரி கேட்கும். நசுக்கினால் இன்னும் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கிக்கொள்ளும் என்பதில்தான் சண்டை.

பதினோரு வருடம் முன்பு அக்கா வரைபடத்தில் ஒரு கோடு போட்டாள். காற்றழுத்தத்தைப்போல் பத்து லட்சம் மடங்கு நசுக்கினாலும் மூவாயிரம் டிகிரிக்குச் சற்று மேலேயே அது உருகிவிடும் என்றது அந்தக் கோடு. லேசரால் சூடாக்கும்போது துணுக்கின் மேல் விழும் வெளிச்சப் புள்ளிகள் நடுங்க ஆரம்பிக்கும். நடுங்கினால் உருகிவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் அந்தத் துறையில் எல்லோரும் பார்த்தார்கள். பாடப்புத்தகத்தில் அக்கா பெயரோடு அந்தக் கோடு ஏறியது. ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. உலோகத்தின்மேல் தகட்டை அசுர வேகத்தில் சுட்டு அளப்பவர். அக்கா வைத்த பெயர் துப்பாக்கிக்காரர். ஐயாயிரத்து அறுநூறு டிகிரியைத் தொடாமல் உருகாது என்பது அவர் கட்சி. எந்தக் கூட்டத்தில் சந்தித்தாலும் இருவரும் அடித்துக்கொள்வார்கள்.

இன்றைக்கு எக்ஸ்ரே தீர்ப்பு சொல்லப் போகிறது. அணுக்கள் வரிசை கலையாமல் நின்றால் எக்ஸ்ரே திரையில் புள்ளிகள் விழும். உருகினால் புள்ளிகள் போய், புகைமாதிரி ஒரு வளையம் மட்டும் தெரியும்.

ஈயக் கதவு மூடியது. உள்ளே கல், வெளியே திரைகளுக்கு முன்னால் நாங்கள் மூவர். மூன்றாவது ஆள் எக்ஸ்ரே கற்றையை இயக்கும் கற்றைக்காரர், காதில் பென்சில் செருகிய பெருத்த மனிதர். அழுத்தம் ஏற ஏற, எண்களை ஏலம் விடுவதுபோல் கூவினார். பத்து லட்சம் மடங்கில் நிறுத்தினார்.

"லேசரால சுடுங்கண்ணே," என்றாள் அக்கா.

பொடுகு செவ்வந்தி நிறமாகி, வெளுத்தது. மூவாயிரத்து நூறு டிகிரி. வெளிச்சப் புள்ளிகள் நடுங்கின.

"மேடம், உருகிடுச்சு! உங்க கோடு அப்படியே நிக்குது!"

அக்கா பக்கத்து எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையம் இல்லை. புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. ஆனால் ஒரு கணம் இங்கே, மறுகணம் அங்கே. மறைவதும் முளைப்பதுமாக ஒரே அமளி.

"என்னக்கா இது?"

"படிகம் உடைஞ்சு உடைஞ்சு புதுசாப் பிறக்குது. அந்த ஆட்டத்தைத்தான் அன்னிக்கு நடுக்கம்னு பார்த்திருக்கேன். உருகலைடா. கெட்டியா இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. கூட்ட நாளில் கடைவீதி. கடைகள் இடம் மாறுகின்றன, கூச்சல், தள்ளுமுள்ளு. தூரத்தில் நின்று பார்ப்பவர் சந்தை கலைகிறது என்பார். கலையவில்லை, வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது.

கற்றைக்காரர் காதுப் பென்சிலை எடுத்து உருட்டினார். "கேமரா கொஞ்சம் தகராறுதான் மேடம். தெளிவா விழலைன்னு எழுதிட்டா ஆச்சு."

நானும் மெதுவாக ஒத்து ஊதினேன். "யாருக்கா கேட்கப் போறாங்க?"

"உன் கல்லுல கீறல் இருந்தா வாங்க வர்றவன்கிட்ட சொல்லுவியா?"

"கேட்டா சொல்லுவேன்."

"நான் பதினோரு வருஷம் கேட்காமலே இருந்துட்டேன்டா. இப்பதான் கேட்டிருக்கேன். பதில் முழுசா வரட்டும். இன்னும் ஏத்துங்கண்ணே."

அப்போதுதான் என் கண் இன்னொரு திரையில் தெரிந்த கல்லின் படத்தில் நின்றது. இடது ஓரத்தில் முடி போல ஒரு கீறல்; காலையில் இல்லாதது. கல் எத்தனை அடி தாங்கும் என்பது எனக்குத் தெரியும், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும்.

"அக்கா, இது இன்னும் ரெண்டு தடவைதான். மூணாவதுக்கு நிக்காது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. "நாலாயிரத்து ஐநூறு ஒண்ணு. அதுக்கப்புறம் ஒரே தூக்கு."

நாலாயிரத்து ஐநூறில் புள்ளிகள் பேயாட்டம் ஆடின. ஆனால் இருந்தன. கீறல் கல்லின் பாதிவரை ஓடிவிட்டது. அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். தன் பெயரைத் தானே அழிக்கப் போகிறவளின் முகமாக அது இல்லை. மழையில் நனையக் கிளம்பும் பிள்ளையின் முகம்.

"தூக்குங்க."

ஐயாயிரம். ஐயாயிரத்து இருநூறு. புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிப் புள்ளியும் போனதும், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல் மங்கலாக ஒரு வளையம் திரையில் எழுந்தது. ஒரு பொடுகுக்குள் அப்படி ஒரு விடியல். நான் வாய்விட்டே "அபாரம்" என்று சொல்லிவிட்டேன்.

கல் படம் கறுத்தது. கல் உடைந்தே போய்விட்டது. ஆனால் அளவு பதிவாகியிருந்தது.

அக்கா முதலில் கூப்பிட்டது துப்பாக்கிக்காரரைத்தான். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சார், என் கோடு தப்பு. நடுங்கினது உருகினது இல்லை. ஐயாயிரத்து இருநூறுலதான் உருகுச்சு, கையோட கல்லும் உடைஞ்சுது."

"டாக்டரம்மா, உங்களை எதிர்த்தே பதினோரு வருஷம் பொழப்பு ஓட்டிட்டேன். இப்படித் திடீர்னு ஒத்துக்கிட்டா நான் எங்க போவேன்?"

"ஒத்துக்கிட்டேன்னு யார் சொன்னா? நீங்க சொன்னது ஐயாயிரத்து அறுநூறு. நானூறு டிகிரி எங்கே போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

"உங்க கல்லு உடைஞ்ச அவசரத்துல அளந்தது அது!"

"உங்க துப்பாக்கி சுட்ட அவசரத்தைவிடவா?"

பழைய சண்டை, புது இடத்தில் சுகமாகத் தொடங்கிவிட்டது. நான் வெறும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு எழுந்தேன். அக்கா போனைக் கையால் பொத்தினாள்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"அடுத்த ஜோடி தேய்க்க. முனை இதே அளவா, இன்னும் சின்னதா?"

"இன்னும் சின்னதா," என்றாள். "அப்பாகிட்ட சொல்லாதே."