கார்பன் பன்னிரண்டு, செவ்வாய் பதினொரு மணி

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த ஊர்க்காரர்கள் அனைவரும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை குறைந்துபோனார்கள். நூறு கிலோ இருந்தவர் எண்பத்தைந்தானார், அறுபது இருந்தவர் ஐம்பத்தொன்றானார். யாருக்கும் காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை. சட்டை அளவுகூட மாறவில்லை. தொப்பை இருந்த இடத்திலேயே ராஜா மாதிரி இருந்தது, அதன் கனம் மட்டும் போயிருந்தது. மதியத்துக்குள் பேருந்து நிலையத்து எடை மெஷின் முன்னால் வரிசை நின்றுவிட்டது. எடை குறைந்தவர்கள் காரணம் தேடவில்லை, பெருமை தேடினார்கள். தையல்காரர், தான் வெந்நீர் குடிப்பதால்தான் என்றார். அவர் வெந்நீர் குடிக்க ஆரம்பித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாடிப்படியைப் பார்த்தாலே பெருமூச்சு விடும் தலைமையாசிரியர், முழங்கால் வலி போன சந்தோஷத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று முறை மாடியேறிப் போய், மூன்று முறையும் எதற்கு வந்தோம் என்பதை மறந்து இறங்கி வந்தார்.

உண்மையான காரணம் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தின் சுவரில் இருந்தது. அங்கே உதவியாளராக இருந்தவளை எல்லோரும் சொட்டு அக்கா என்பார்கள். "ஒரு சொட்டு சிந்தினாலும் தோலை உரிச்சிடுவேன்" என்று வருடத்துக்கு நானூறு பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி வந்த பெயர். பதினொரு வருடத்துக்கு முன் தனிமங்களின் அட்டவணையை அந்தச் சுவர் முழுக்க எனாமல் பெயின்டில் எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் நடுவே தனிமத்தின் பெயர், கீழே அதன் அணு எடை. பிள்ளைகள் கை வைத்துத் தேய்க்கிறார்கள் என்று தலைமையாசிரியர் "சுவரைத் தொடாதீர்கள்" என்று ஒரு தகரப் பலகை செய்யச் சொல்லி, சரியாகக் கார்பன் கட்டத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். சனிக்கிழமை மதியம் தங்கைக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னதும் சொட்டு அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினாள். மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டாள். ஒன்றரை நாள் விசிறி சுற்ற, பலகை ஆட, அதன் முனை சுவரைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை விடிந்தபோது பன்னிரண்டில் முன்னால் இருந்த ஒன்று அழிந்து, கார்பனின் அணு எடை வெறும் இரண்டாகியிருந்தது. சுவர் சொன்னதை ஊர் கேட்டுக்கொண்டது. ஏன் இந்தச் சுவர் என்று யாருக்கும் தெரியாது, கேட்டவர்களும் இல்லை.

புதன்கிழமைதான் அவள் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். பத்தாம் வகுப்பு செய்முறைக்காகக் கரித்தூளை நிறுத்தால், அரைக் கிலோ இருக்க வேண்டிய பாட்டில் எண்பத்து மூன்று கிராம் காட்டியது. எவனோ திருடிவிட்டான் என்று முதலில் நான்கு பேரைத் திட்டினாள். பாட்டிலோ கழுத்துவரை நிறைந்திருந்தது. அப்புறம் தராசைத் திட்டினாள். உப்பை நிறுத்தாள், சரியாக இருந்தது. மயில்துத்தம் சரியாக இருந்தது. நூறு கிராம் சர்க்கரை அறுபத்தைந்து காட்டியது. சமையல் சோடாவும் குறைந்தது. உப்பில் கார்பன் கிடையாது, மயில்துத்தத்தில் கிடையாது. சர்க்கரையில் உண்டு, சோடாவில் உண்டு, கரி என்பதே கார்பன்தான். ஸ்டூலில் உட்கார்ந்தபடி தலையை மெல்லத் தூக்கிச் சுவரைப் பார்த்தவள், "அடப் பாவி!" என்றாள். பலகையைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா தெரியாது. மனித உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கார்பன் என்பதை அவளே எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், ஆஸ்பத்திரியில் தங்கையும் அவள் பெற்ற பிள்ளையும் இருந்தார்கள். மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோய், நான்காவதாகப் பிழைத்துப் பிறந்த பெண்பிள்ளை அது. சனிக்கிழமை பிறந்தபோது இரண்டு கிலோ நானூற்று ஐம்பது. பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் நடுங்கும் அந்த வார்டின் தலைமைச் செவிலியர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: இரண்டரைக் கிலோ இல்லாத பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. "ஐம்பது கிராம்தானே, ரெண்டு நாள்ல ஏறிடும்" என்று அவரே சொன்னார். திங்கட்கிழமை பார்த்தால் இரண்டு கிலோ நூறு. பிள்ளை பால் குடித்தது, தூங்கியது, விழித்தால் சங்கு ஊதியதுபோல் கத்தியது. எடை மட்டும் வரவில்லை. தங்கை தராசைப் பார்ப்பதும் அழுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு முறை எடை போடும்போதும் இதுவும் போய்விடுமோ என்று அவளுக்கு உயிரே நின்றுவிடும். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த வார்டிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு தொட்டிலுக்கு இரண்டாகப் பதினொரு பிள்ளைகள் தேங்கிக் கிடந்தன. சொட்டு அக்கா பெரிய சிஸ்டரிடம் கார்பன் கதையை முழுசாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க சுவத்துல என்ன வேணா இருக்கட்டும்மா. என் தராசுல ரெண்டரை வரட்டும்" என்றார்.

நியாயமான பேச்சுதான். சொட்டு அக்கா நேராகப் பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாக ஆய்வகத்துக்கு வந்தாள். வருகிற வழியில் வாய் சும்மா இருக்காமல் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டாள், அதுதான் தப்பு. அவள் வந்து சேர்வதற்குள் ஆய்வக வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். கரிமூட்டையை ஒற்றை விரலில் தூக்கிப் பழகிவிட்ட இஸ்திரிக்காரர் வந்திருந்தார். தையல்காரர், எடை குறைந்தது வெந்நீரால்தான் என்று இன்னமும் நம்பினாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வந்திருந்தார். நகைக்கடைக்காரர் மட்டும் அவளைத் தனியே அழைத்து, தங்கத்தின் எடைக்கு முன்னால் சின்னதாக ஒரு ஒன்று போட முடியுமா என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். தலைமையாசிரியர் கதவில் புதுப் பூட்டைப் போட்டு, "இது பள்ளிக்கூடச் சுவர். என் கையெழுத்து இல்லாம ஒரு எண்ணு ஏறக்கூடாது" என்றார். சொல்லும்போதே முழங்காலை ஒரு முறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

கூட்டத்தின் முன்வரிசையில் அவள் புருஷனே நின்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பேருந்து நடத்துநர், தொண்ணூற்றெட்டுக் கிலோ ஆள். பதினைந்து கிலோ குறைக்காவிட்டால் வேலையை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை, தட்டில் ஒரு வாய்கூடக் குறைக்காமல், சொல்லிவைத்தாற்போல் எண்பத்து மூன்றுக்கு வந்துவிட்டார். பேருந்துப் படியில் இரண்டிரண்டாகத் தாவினார். "பத்து வருஷம் கழிச்சு மூச்சு விடறேன்டி, கெடுத்துடாதே" என்று கெஞ்சினார். "மூச்சு விடுங்க, யார் வேணாங்கறா? அந்தப் பிள்ளையை வந்து ஒரு தடவை தூக்கிட்டு விடுங்க" என்றாள் அவள்.

மறுநாள் வண்டியை மாற்று நடத்துநரிடம் விட்டுவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். தங்கை பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். இருபது வருடமாகக் கூட்டத்தில் எத்தனையோ பேரின் பிள்ளைகளை வாங்கி, சீட்டில் உட்கார்ந்தவர்களின் மடியில் வைத்த கை அது. ஒரு பிள்ளை எவ்வளவு கனக்க வேண்டும் என்பது அந்தக் கைக்கு நன்றாகத் தெரியும். அவர் முகம் வெளிறிவிட்டது. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், வைத்திருக்கவும் பயந்து, அப்படியே நின்றார். வெளியே வந்ததும் சொட்டு அக்காவிடம், "கையில ஒண்ணுமே தெரியலையேடி" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறிவியல் எல்லாம் அவர் பேசவில்லை. பூட்டைத் திறக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். மதியம்வரை உட்கார்ந்தே இருந்தார்.

தலைமையாசிரியர் கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்: கால அட்டவணை போட்டார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி முதல் பதினொன்றேகால் வரை கார்பன் பன்னிரண்டு. மற்ற நேரம் இரண்டு. பெயின்ட் கூடாது, சாக்பீஸ். தொடங்கவும் முடிக்கவும் மணி அடிக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கேட்கும்படி. கீழே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். பலகையைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு, ஒழுங்கு ஒழுங்குதான் என்று மறுத்துவிட்டார்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை மணி அடித்ததும் சொட்டு அக்கா சாக்பீஸால் இரண்டுக்கு முன்னால் ஒன்று போட்டாள். ஊரில் நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. இஸ்திரிக்காரர் விரலில் தொங்கிய கரிமூட்டை அவர் கால் கட்டைவிரலில் இறங்கியது. அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. மாடிப்படியில் பாதியில் மாட்டிக்கொண்ட தலைமையாசிரியர் அங்கேயே உட்கார்ந்தார். நடத்துநர் ஏறியிருந்த பேருந்து இடதுபக்கம் ஒரு சாய் சாய்ந்தது. ஆய்வகத்தில் முப்பது பிள்ளைகள் புழுங்கியதால் எவனோ விசிறியைப் போட்டுவிட, பலகை மறுபடி ஆட ஆரம்பித்தது. சொட்டு அக்கா ஓடிப்போய் அதைத் தோளால் சுவரோடு அழுத்திக்கொண்டாள். விசிறியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் அது தோன்றவில்லை, ஒரு வார்த்தை பேசினாலும் அந்த ஒன்று உதிர்ந்துவிடும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள். அங்கே ஆஸ்பத்திரியில் பெரிய சிஸ்டர் ஒரு பிள்ளையை இறக்கி அடுத்ததை ஏற்றிக்கொண்டிருந்தார். தங்கையின் பிள்ளை கடைசி. பதினொன்று பதினான்குக்குத் தராசில் ஏறியது. இரண்டு கிலோ ஐந்நூற்று எண்பது. "கூட்டிட்டுப் போம்மா, இன்னும் என்ன பாத்துட்டு இருக்கே" என்று பெரிய சிஸ்டர் அதட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினொன்றேகால் மணி அடித்தது. தன் கையாலேயே அந்த ஒன்றை அழிக்க வேண்டியிருந்தது சொட்டு அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் அழித்தாள். அரை மணியில் பள்ளிக்கூட வாசலில் ஆட்டோ ஒன்று நின்றது. தங்கை உள்ளிருந்து பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே வருவதற்குள் பிள்ளை முந்நூற்று எண்பது கிராம் குறைந்திருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. சொட்டு அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முப்பது பிள்ளைகள் எதிரில் வாய்விட்டு அழுதாள். அன்றைக்கு மூன்று பேர் அமிலத்தைச் சிந்தினார்கள், ஒருவரையும் அவள் திட்டவில்லை.

அதற்குப்பின் எட்டு வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு புதன்கிழமை சோதனைக்கு வந்த அதிகாரி, கார்பன் கட்டத்தில் இரண்டைப் பார்த்துக் கொதித்துப்போய் ஒரு பக்கம் குறிப்பு எழுதினார். போகிற வழியில் பேருந்து நிலையத்து மெஷினில் ஏறியவர் இறங்கி, யோசித்து, திரும்பி வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனார். தங்கை மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. எடை என்ன என்று யாராவது கேட்டால், "செவ்வாய்க்கிழமையா, மத்த நாளா?" என்பாள். சில வாரம் எடை போடப் பிள்ளை இருக்காது; மணி அடிக்காது. ஆனாலும் ஊர் பதினொரு மணிக்கு வழக்கம்போல உட்கார்ந்து பார்க்கும். கனம் வரவில்லை என்றால் எல்லோரும் எழுந்து அவரவர் வேலைக்குப் போவார்கள், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் நடத்துநர் பத்து ஐம்பத்தைந்துக்கே விசில் ஊதி வண்டியை ஓரங்கட்டிவிடுவார். நின்றுகொண்டிருப்பவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பார். வெளியூர்ப் பயணி எவராவது என்ன சங்கதி என்று விசாரித்தால், அவரும் கம்பியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தபடியே சொல்லுவார்:

"யாரோ வீட்டுக்குப் பிள்ளை போகுதுங்க. கொஞ்சம் கனக்கும், உக்காருங்க."