ஒன்பதால் சரிபார்த்த பக்கங்கள்

நூற்று ஐம்பத்தைந்தாம் பக்கத்தின் அடியில் பூஜ்யம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இன்னொரு தடவை படி," என்றார் ஜேபஸ் டிரெம்பாத். இது மூன்றாவது தடவை. மனைவி தீர்ஸா, ஈயை விரட்டிக்கொண்டே, அந்த நீளமான மீதியை மறுபடி படித்தாள்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மூண்டா ஊரின் தாமிரச் சுரங்கத்தை மூடியபோது மற்ற ஆண்கள் மீன் பிடிக்கப் போனார்கள். எடைக் கணக்கு எழுதிய ஜேபஸ் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டார். இரண்டை நூற்று ஐம்பத்தேழு தடவை போட்டுப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது; நாற்பத்தெட்டு இலக்கம். அது பகா எண்ணா என்று யாருக்கும் தெரியாது. நாலில் தொடங்கி, அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதி, மறுபடி அதையே செய்ய வேண்டும். நூற்று ஐம்பத்தைந்து தடவை. கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண், இல்லையென்றால் இல்லை.

அறுபதாம் பக்கத்தில் அவர் பார்வை போய்விட்டது. அதற்குமேல் பெருக்கியதெல்லாம் தீர்ஸாதான்.

"அப்போ பகா எண் இல்ல," என்றார். "மூணு வருஷம், ரெண்டு கண்ணு, கடைசியில ஒரு 'இல்ல'. பரவால்ல, தெரிஞ்சுதே! முடிவு வந்தா சொல்லச் சொன்ன மெல்போர்ன் பேராசிரியருக்கு எழுதிப் போடு."

எழுதுமுன் தீர்ஸா காகிதக் கட்டைப் புரட்டினாள். அறுபத்தோராம் பக்கத்தின் அடியில், மீதியின் நடுவில் 47. அடுத்த பக்கத்தின் தலையில் அதே இடத்தில் 74. அவள் கையெழுத்தேதான். சொல்லாமல் விட்டால் மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் பொய்யான ஒரு முடிவுக்கு அடியில் அவர் பெயர் இருக்கும். அதை அவளால் தாங்க முடியாது.

"ஜேபஸ், அறுபத்திரண்டாம் பக்கத்துல நாப்பத்தேழ எழுபத்திநாலுன்னு எழுதிட்டேன். நான்தான்."

அவர் முகம் வெளுத்தது. "ஒன்பது போட்டுப் பாக்கலியா?"

ஒவ்வொரு பக்கத்திலும் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதால் வகுத்து, மீதி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அந்த வீட்டுச் சட்டம்.

"பாத்தேன். ஒத்துப்போச்சு. மாத்திப் போட்டாலும் கூட்டினா அதேதானே வரும்."

அவர் விரல்கள் காகிதக் கட்டின் விளிம்பைத் தடவின.

"விடு கிழவா. தொண்ணூத்துநாலு பக்கம்தானே? நானே திரும்பப் போடறேன். உன் பக்கமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு."

"யாரு சொன்னா?"

"ஏன், எல்லாம் சரியா..."

"நானும் அதே ஒன்பதத்தான் போட்டுப் பாத்தேன், தீர்ஸா. கண்ணு மங்கிட்டிருந்தப்போ. ஒவ்வொரு பக்கத்துலயும் ஆயிரக்கணக்குல இலக்கம்." அவர் குரல் உடைந்தது. "எங்கெல்லாம் மாத்தி எழுதினேனோ!"

தீர்ஸா ஐம்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்தாள். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஓர் இடத்தில் இருப்பது நாலா ஒன்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இது என்ன எண்ணு, ஜேபஸ்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.