யூதாஸுக்குப் புதுக் கயிறு

யூதாஸ் நாலு தெருவில் தொங்கி இறங்கியாயிற்று. இன்னும் நாலு தெரு பாக்கி. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன மழை, கிறிஸ்துவின் திருவுடல் திருநாள் என்றால் போதும், மூக்கில் வியர்த்தாற்போல் வந்துவிடும்.

நோவாவின் வெள்ளம் மீன்காரர்களுக்கு, கடைசி இராப்போஜனம் ரொட்டிக்காரர்களுக்கு, யூதாஸின் சாவு கயிறு திரிப்பவர்களுக்கு என்று வேத நாடகங்களை ஊரில் தொழில்வாரியாகப் பங்கு பிரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தெருத் தெருவாக வண்டி மேடையை இழுத்துப் போய் ஆட வேண்டும். இந்த வருஷம் யூதாஸ், ஹாமண்ட். அவனைக் கொண்டுபோக வரும் சாத்தான், ஹாமண்டின் மனைவி ஆவிஸின் அண்ணன் தர்ஸ்டன்.

"மச்சான், பழைய கயித்தையே போட்டுக்கலாம்டா," என்றான் ஹாமண்ட், மேடைக்குப் பின்னால் நின்றபடி. "இந்தப் புதுசு நனைஞ்சு கட்டை மாதிரி வெறைச்சுக்கிச்சு. போன தெருவுலயே கொக்கியில சரியா உக்காரல."

ஹாமண்டின் சட்டைக்குள் தோல் கச்சை இருந்தது. பிடரிக்குக் கீழே அதில் ஓர் இரும்புக் கொக்கி. கழுத்துச் சுருக்குக்கு மேலே கயிற்றிலேயே முடிந்த ஒரு சின்ன வளையம். மேடையில் நட்ட மரத்துக்குப் பின்னால் நிற்கும் சாத்தான் அந்த வளையத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டால் பாரமெல்லாம் முதுகில் இறங்கிவிடும். சுருக்கு வெறும் பார்வைக்கு.

கயிறு திரிப்பவர்கள் சங்கத் தலைவர் அட்லார்ட் காதில் அது விழுந்துவிட்டது. "எந்தக் கயிறு, அந்த நைஞ்சு போனதா? போன வருஷம் அதைப் பாத்துட்டு ரொட்டிக்காரப் பயலுவ என்ன சிரிப்பு சிரிச்சானுவ! நம்ம சரக்கு நம்ம மேடையில தொங்கணும்டா. தர்ஸ்டன் திரிச்ச முப்புரி. ரெண்டு எருது இழுத்தாலும் அறாது. இல்லையாடா?"

தர்ஸ்டன் அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஈரப் புதுச் சணல் எப்படி முறுக்கிக்கொண்டு திமிறும் என்று அவனைவிடத் தெரிந்தவன் யார்? ஆனால் நாலு தெருவிலும் ஜனங்கள் அந்தக் கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். மண்டைக்குள் கர்வம் ஏறி உட்கார்ந்திருந்தது. "அறாது தலைவரே," என்று சொல்லிவிட்டு, கொம்பு வைத்த முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டான்.

ஐந்தாவது தெருவில் ஜனம் நெருக்கியடித்தது. முன்வரிசையில் ஆவிஸ், வறுத்த பட்டாணியை மென்றுகொண்டு, பக்கத்துப் பெண்ணிடம் "என் வூட்டுக்காரரைப் பாரு, என்னமா அழுவுறாரு!" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

ஹாமண்ட் வெள்ளிக்காசுகளை வீசியெறிந்தான். முக்காலியில் ஏறினான். தர்ஸ்டன் நகம் வைத்த தோல் கையுறையோடு வளையத்தைக் கொக்கியில் அழுத்தினான். மாட்டியதா, மாட்டவில்லையா? மழை இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. மாட்டியிருக்கும் என்று நினைத்தான். ஹாமண்ட் முக்காலியை உதைத்தான்.

வளையம் நழுவியது. சுருக்கு இறுகியது.

கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. விரல்கள் கழுத்தைப் பிறாண்டின. முகம் கருநீலமாயிற்று. ஜனம் ஆர்ப்பரித்தது. "துடிடா துரோகி! இன்னும் துடி!" ஆவிஸும் கை தட்டிச் சிரித்தாள்.

தர்ஸ்டன் பாய்ந்து ஹாமண்டின் தொடைகளைக் கட்டிக்கொண்டு மேலே தூக்கினான். சுருக்கு ஒரு நூல் தளர்ந்தது, அவ்வளவுதான். "கயித்தை அறுங்க! ஆளு சாகுறான்! நெசமாவே சாகுறான்!"

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சாத்தான் பேசி யார் நம்பினார்கள்? "பாருடா, சாத்தானுக்கு எரக்கம் வந்துருச்சு!" என்று ஒருவன் கத்தினான். ஒரு பிடி சேறு வந்து முகமூடியில் அப்பியது.

"டேய், வசனத்தை மாத்தாதடா!" மேடைக்குக் கீழே அட்லார்ட் வசன ஏட்டை ஆட்டிக்கொண்டு பல்லைக் கடித்தார். "நீ அவனை நரகத்துக்கு இழுக்கணும், தூக்கக் கூடாது!"

முகமூடியைக் கழற்றினால் நம்புவார்கள். கழற்றக் கை வேண்டும். கையை எடுத்தால் ஹாமண்ட் போய்விடுவான். தர்ஸ்டன் பிடியை இன்னும் இறுக்கினான். 'அறுந்து தொலையேன், சனியனே' என்று தான் திரித்த கயிற்றையே மனசுக்குள் கெஞ்சினான். அது அறுகிற கயிறா? அவன் முழங்காலில் உதைத்துக்கொண்டிருந்த பாதங்கள் மெல்ல ஓய்ந்தன.

"ஆவிஸ்!" என்று அலறினான். "அம்மா செத்த அன்னைக்கு நீ சணல் குவியலுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டியே, நான் வந்துதானே தூக்கினேன்! அந்த அண்ணன்டி! உன் புருசன் சாகுறான்டி, கத்தியை எடு!"

பட்டாணி சிதறியது. இப்படி ஒரு வசனம் எந்த வேதத்திலும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இடுப்பில் தொங்கிய கத்தியை உருவிக்கொண்டு மேடையில் தாவினாள். "பொம்பளை மேடை ஏறக் கூடாது!" என்று அட்லார்ட் பிடித்த பாவாடை விளிம்பு கிழிந்து அவர் கையிலேயே நின்றது.

முக்காலியை நிமிர்த்தி ஏறி, அறுத்தாள். முதல் புரி அறுந்தது. இரண்டாவது புரி கத்தியை வழுக்கிவிட்டது. "என்னடா அண்ணா கயிறு திரிச்சே, பாவி!" என்று அழுதுகொண்டே அறுத்தாள். மூன்றாவது புரியும் விட்டபோது மூவரும் ஒருவர் மேல் ஒருவராய்ச் சரிந்தார்கள். ஆவிஸ் சுருக்குக்குள் விரலைக் கொடுத்து இழுத்தாள். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஹாமண்ட் கரகரவென்று ஒரு மூச்சை இழுத்தான்.

தெரு கை தட்டியது. இப்படி ஒரு யூதாஸை இந்த ஊர் பார்த்ததே இல்லையாம்.

பின்னால் அடுத்த சங்கத்தின் வண்டி நெருக்கியது. அட்லார்ட் கிழிந்த விளிம்பைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் வாய் அடங்கவில்லை. "இன்னும் மூணு தெரு இருக்குடா. நிறுத்தினா சங்கத்துக்கு அவமானம். மிச்சப் புதுக் கயிறு இருக்கு. யாரு தொங்குறது?"

"நீங்க தொங்குங்க," என்றாள் ஆவிஸ்.

அட்லார்ட் கயிற்றைப் பார்த்தார். தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். போய்ப் பழைய கயிற்றை எடுத்துவந்தார்.

தர்ஸ்டன் சாத்தான் தோலை உரித்துப் போட்டுவிட்டு, ஹாமண்டின் கச்சையை அவிழ்த்துத் தான் கட்டிக்கொண்டான். "நான் திரிச்சது. நான் மாட்டினது. நானே ஏறுறேன்," என்றான். யார் முகத்தையும் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

குரல் போன ஹாமண்ட் தரையிலிருந்து கையூன்றி எழுந்தான். நைந்த கயிற்றின் வளையத்தைத் தானே மச்சானின் கொக்கியில் மாட்டினான். ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். பிறகு சுருக்குக்கும் தர்ஸ்டனின் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்தான். ஆறாவது தெருவில் வண்டி நிற்கும்வரை அந்த விரல்களை அவன் எடுக்கவே இல்லை.